ஃபியூஸ் போகவில்லை, ஹோல்டர் உருகியது! – வண்டி வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு பாடம்



நம் கூட்டமைப்பில் இப்போது பல குழுக்கள் சொந்தமாக வண்டி வைத்திருக்கின்றன. லோடு ஆட்டோவில் காய்கறி வியாபாரம் செய்கிறோம். பேட்டரி வண்டியில் உர மூட்டை, மளிகைச் சாமான் ஏற்றி வாடகைக்கு ஓட்டுகிறோம். ஊராட்சியில் பேட்டரி வண்டி ஓட்டிக் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்களிலும் நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

வண்டிக்கு டயர் பார்க்கிறோம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம். ஆனால் தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சாமானைப் பற்றி நாம் யாரும் கேட்பதில்லை. அதுதான் ஃபியூஸ் ஹோல்டர். அதாவது ஃபியூஸைச் செருகி வைக்கும் கூடு. இந்தச் சின்னக் கூட்டினால் நம் குழு ஒன்றில் பெரிய மனக்கசப்பே வந்துவிட்டது. அந்தக் கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

நடந்தது என்ன?

அந்தக் குழு வங்கிக் கடன் வாங்கி ஒரு பேட்டரி வண்டி எடுத்தது. உறுப்பினர் ஒருவர் ஓட்டுகிறார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஏரிக்கரை ஏற்றத்தில் மூட்டையோடு போகும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, வண்டி நின்றுவிட்டது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஃபியூஸ் ஹோல்டர் உருகிக் கிடக்கிறது. ரோட்டோரக் கடையில் புது ஹோல்டர் போட்டார்கள். இருபது நாளில் மறுபடியும் உருகியது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. மூன்று தடவையும் வாடகை போச்சு, அந்த மாதத் தவணையும் தள்ளிப் போச்சு.

மெக்கானிக், “ஓவர் லோடு ஏத்துறாங்கம்மா” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், குழுக் கூட்டத்தில் சத்தம் வந்துவிட்டது.

“குழுப் பணத்துல வாங்கின வண்டி. நாலு காசு கூட வருதேன்னு நீ பாட்டுக்கு மூட்டைய ஏத்தினா எப்படி?” என்று கேட்டார்கள். 500 ரூபாய் அபராதம் என்றும் பேச்சு எழுந்தது.

அந்தச் சகோதரி அழுதுகொண்டே சொன்னார்: “சொன்ன அளவுக்கு மேல ஒரு மூட்டைகூட நான் ஏத்தினது இல்லக்கா. அதிகமா ஏத்தியிருந்தா ஃபியூஸ்தானே போயிருக்கணும்? மூணு தடவையும் ஃபியூஸ் நல்லாத்தானே இருந்துச்சு! ஹோல்டர்தானே உருகுது?”

நல்ல கேள்வி. ஆனால் அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. ஊக்குநர் மட்டும், “அபராதத்தை அடுத்த கூட்டத்துல பேசலாம். அந்த உருகின ஹோல்டரைத் தூக்கிப் போடாம எடுத்து வைங்க” என்றார். ஒரு உறுப்பினரின் மகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவர். அவரிடம் அதைக் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, இது லோடால வந்த வினை இல்ல. ஹோல்டரே தப்பான ஹோல்டர்” என்றார். அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

ஃபியூஸ் வேறு, ஹோல்டர் வேறு

வீட்டில் “ஃபீஸ் போயிருச்சு” என்கிறோமே, அது என்ன? அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கு முன்பே மெல்லிய கம்பி ஒன்று உருகி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அந்தக் கம்பிதான் ஃபியூஸ். அது வயரைக் காப்பாற்றுகிற காவல்காரன்.

ஹோல்டர் என்பது அந்தக் காவல்காரன் நிற்கும் இடம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஹோல்டரின் ஒரு தகடு வழியாக ஃபியூஸுக்குள் போய், மறு தகடு வழியாக வெளியே வருகிறது. தகடும் ஃபியூஸ் காலும் அழுத்தமாக ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. தளர்வாக இருந்தால் அந்த இடம் குறுகிப் போகிறது. ஐம்பது பேர் பஸ்ஸின் ஒரே வாசலில் முண்டியடித்து ஏறினால் எப்படி இடிபாடு வருமோ, அப்படி அங்கே சூடு பிறக்கிறது.

இந்தத் தடையை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். நல்ல ஹோல்டரில் இது ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தளர்ந்த ஹோல்டரில் அது பத்து மடங்காக, அதாவது நூறில் ஒரு பங்காக ஆகிவிடலாம். ‘நூறில் ஒரு பங்குதானே’ என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்:

சமதரையில் 20 ஆம்பியர் ஓடினால்: 20 × 20 × 0.01 = 4 வாட் சூடு.
ஏற்றத்தில் 40 ஆம்பியர் ஓடினால்: 40 × 40 × 0.01 = 16 வாட் சூடு.

மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. நகத்தின் அளவே உள்ள இடத்தில் 16 வாட் சூடு தேங்கினால் பிளாஸ்டிக் தாங்குமா? இளகும். பிளாஸ்டிக் இளகினால் தகட்டின் பிடி இன்னும் தளரும். பிடி தளர்ந்தால் சூடு இன்னும் கூடும். இப்படியே போய் ஒருநாள் உருகிவிடும்.

இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், இவ்வளவு நடந்தும் ஓடுகிற மின்சாரம் சரியான அளவிலேயே இருக்கும். அதனால் ஃபியூஸ் போகாது. காவல்காரன் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நிற்கும் கூடு எரிகிறது! அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு அடையாளமும் உண்டு. உருகிய ஹோல்டரில் ஃபியூஸின் ஒரு கால் மட்டும் கறுத்து, அந்தப் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் இளகியிருந்தால் அது தளர்ந்த இணைப்பு. வயர் முழு நீளத்துக்கும் சூடாகி மேல்தோல் விறைத்திருந்தால்தான் அதிக லோடு என்று சந்தேகிக்க வேண்டும். நம் சகோதரியின் வண்டியில் ஒரு கால் மட்டும்தான் கறுத்திருந்தது.

அந்த ஹோல்டரில் என்னென்ன தப்பு?

கம்பெனியில் போட்டு வந்தது போல்ட் வைத்து முறுக்கும் ஹோல்டர். சர்வீஸின்போது அதன் மூடி உடைந்ததால், ரோட்டோரக் கடையில் கிடைத்த செருகு ஹோல்டரை மாற்றியிருக்கிறார்கள். அதில் மூன்று தப்பு.

ஒன்று, ஹோல்டரில் 30 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. அதற்குள் செருகியது 40 ஆம்பியர் ஃபியூஸ். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்த கதை.

இரண்டு, ஹோல்டரோடு வந்த வயர், வண்டியின் வயரைவிட மெல்லியது. தோல் தடிமனாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. உள்ளே செம்பு கொஞ்சம்தான்.

மூன்று, அந்த ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கு உரியது. நம் பேட்டரி வண்டியில் 12 வோல்ட் பேட்டரி நான்கை வரிசையாக இணைத்திருக்கிறார்கள். அப்படியானால் 48 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 57, 58 வோல்ட் வரைகூடப் போகும். கார், லோடு ஆட்டோவுக்கு விற்கும் சாதாரணச் செருகு ஃபியூஸ்கள் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கு உட்பட்டவை. ஃபியூஸ் உருகிய பிறகும் அந்த இடைவெளியில் தீப்பொறி தாண்டி மின்சாரம் ஓடலாம். ஆகவே 48 வோல்ட் வண்டிக்கு 58 வோல்ட்டுக்குக் குறையாமல், முடிந்தால் 70 அல்லது 80 வோல்ட் என்று அச்சடித்த ஃபியூஸ்தான் வேண்டும்.

“வீட்டுல 230 வோல்ட் தாங்குற பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கே, அதை வண்டியில மாட்டினா என்ன?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மாட்டக்கூடாது சகோதரிகளே. வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும். அப்போது தீப்பொறி தானாக அணையும். பேட்டரி மின்சாரம் நிற்காமல் ஒரே திசையில் ஓடுவது. அதில் தீப்பொறி எளிதில் அணையாது. வீட்டு எம்.சி.பி. சுவிட்சுக்கும் இதேதான். பேட்டரி வண்டிக்கு டி.சி. என்று குறித்ததையே போட வேண்டும்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்? நாமே கணக்குப் போடலாம்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். இவ்வளவுதான் கணக்கு.

1000 வாட் மோட்டார், 48 வோல்ட்: ஏறக்குறைய 21 ஆம்பியர். ஏற்றத்திலும், நின்ற வண்டியை எடுக்கும்போதும் இது இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம்.

லோடு ஆட்டோவில் 55 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட்: ஏறக்குறைய 9 ஆம்பியர்.

நடமாடும் சிற்றுண்டிக் கடைக்காக லோடு ஆட்டோவில் மிக்ஸி ஓட்ட 500 வாட் இன்வெர்ட்டர், 12 வோல்ட்: ஏறக்குறைய 42 ஆம்பியர். இன்வெர்ட்டருக்குள்ளே வீணாவதையும் சேர்த்தால் 50 பக்கம் வந்துவிடும்.

பார்த்தீர்களா? மிக்ஸி சின்னதுதான். ஆனால் 12 வோல்ட்டில் ஓட்டும்போது வயரில் போவது பெரிய மின்சாரம். இதற்கு 30 ஆம்பியர் செருகு ஹோல்டர் போட்டால் உருகத்தான் செய்யும்.

தொடர்ந்து ஓடும் மின்சாரம் ஃபியூஸில் எழுதிய அளவில் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும். அதாவது 30 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஹோல்டர் 40-க்குக் குறையக்கூடாது, கூட இருக்கலாம். வயரும் அந்த ஃபியூஸுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். செம்பு வயருக்குப் பாதுகாப்பாகக் குறைத்தே சொல்கிறோம்:

2.5 சதுர மி.மீ. வயர் – 20 ஆம்பியர் ஃபியூஸ்
4 சதுர மி.மீ. – 30 ஆம்பியர்
6 சதுர மி.மீ. – 40 ஆம்பியர்
10 சதுர மி.மீ. – 60 ஆம்பியர்
16 சதுர மி.மீ. – 80 ஆம்பியர்

வண்டியோடு வந்த மெயின் ஃபியூஸின் அளவை நாமாக மாற்றவே கூடாது. கம்பெனிப் புத்தகத்தில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்தான். ‘அடிக்கடி போகுது’ என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், செம்புக் கம்பி கட்டுவதும் காவல்காரனைக் கட்டிப் போடுவதற்குச் சமம். அப்புறம் வயர்தான் எரியும்.

எந்த வகை ஹோல்டர் நல்லது?

கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஹோல்டர்: ரேடியோ, சின்ன விளக்குக்குப் போதும். ஸ்பிரிங் பிடிமானம் என்பதால் வண்டி குலுக்கலில் தளரும். பெரிய மின்சாரத்துக்கு வேண்டாம்.

சாதாரணச் செருகு ஹோல்டர்: பிளாஸ்டிக் தலையும் இரண்டு தட்டைக் காலும் உள்ள ஃபியூஸுக்கு உரியது. 20 ஆம்பியர் வரை தொடர்ந்து ஓடுகிற வேலைக்குச் சரி.

பெரிய செருகு ஹோல்டர்: கடையில் ‘மேக்ஸி’ என்று கேட்கலாம். நடுத்தர வேலைக்கு ஏற்றது.

போல்ட் ஹோல்டர்: ‘மிடி’, ‘மெகா’ என்ற பெயர்களில் வரும். ஃபியூஸின் இரண்டு முனையிலும் ஓட்டை இருக்கும். போல்ட்டில் மாட்டி நட்டு போட்டு முறுக்க வேண்டும். 40 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடுகிற எதற்கும் இதுதான் நம்பகமானது. மோட்டார், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் இதையே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஃபியூஸின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரணச் செருகு ஃபியூஸில் சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் என்றால் 15. அதே சிவப்பு, பெரிய ‘மேக்ஸி’ வகையில் 50, நீலம் 60. ஆகவே தலையில் அச்சடித்த எண்ணைப் படித்தே வாங்குங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

புடவை வாங்கும்போது முந்தியையும் உள்பக்கத்தையும் புரட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

1. ஆம்பியர், வோல்ட் இரண்டும் ஹோல்டரிலோ உறையிலோ அச்சடித்திருக்கிறதா? எதுவும் இல்லாத ஹோல்டர் வேண்டாம்.

2. ஒரு சின்னக் காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது மேலே பூச்சுப் பூசிய இரும்பு. செம்பும் பித்தளையும் ஒட்டாது.

3. ஃபியூஸைச் செருகி இழுத்துப் பாருங்கள். கை வலிக்க இழுத்தால்தான் வர வேண்டும். சுலபமாகக் கழன்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. வயரோடு வரும் ஹோல்டர் என்றால் நுனியைச் சீவிப் பாருங்கள். வண்டி வயர் அளவுக்குச் செம்பு இருக்கிறதா? இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

5. மூடி இறுக்கமாக உட்காருகிறதா? வண்டியைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுகிற தூய்மைக் காவலர்கள் ரப்பர் வளையம் உள்ள மூடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

6. பில் கேளுங்கள். குழுக் கணக்குக்கும் ஆகும், மாற்றவும் உதவும்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

வேலையை எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று கவனிப்பது நம் உரிமை.

பேட்டரியைத் தொடும் முன் சாவியை எடுத்து, முதலில் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். அருகில் நிற்கும் நாமும் உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தாலிச் செயினை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வோம். பேட்டரியின் இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். நகை பழுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஹோல்டர், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை அல்லவா? அந்தத் தூரம் குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு நேர் மேலே, மூடிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து தீப்பற்றும் வாயு வரும்.

வயர் நுனியை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டுவது கூடாது. லக் போட்டு, அதற்குரிய கருவியால் நசுக்க வேண்டும். போல்ட் ஹோல்டரில் லக்கும் ஃபியூஸும் நேராக ஒன்றையொன்று தொட வேண்டும். வாஷர் அவற்றுக்கு நடுவில் வரக்கூடாது. மேலே ஸ்பிரிங் வாஷர், அதற்கு மேல் நட்டு.

மாட்டிய பிறகு வழக்கமான பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஹோல்டரின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ தளர்வு. எலக்ட்ரீசியனிடம் மல்டிமீட்டர் இருந்தால், மோட்டார் இழுக்கும்போது ஹோல்டரின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு.

மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூஞ்சணம், கறுப்பு, நிறம் மாறிய பிளாஸ்டிக் தெரிந்தால் ஹோல்டரையும் ஃபியூஸையும் சேர்த்தே மாற்றுங்கள். சூடு கண்ட தகடு தன் பிடியை இழந்திருக்கும். அதில் புது ஃபியூஸ் போட்டாலும் பயனில்லை.

ஓடும்போது கருகல் வாடை வந்தால் ‘வீடு போய்ச் சேர்ந்துடலாம்’ என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, சாவியையும் மெயின் சுவிட்சையும் அணைத்து, இறங்கி விலகி நில்லுங்கள். தீ தெரிந்தால் 101-க்குப் போன் செய்யுங்கள். மூட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் என்ன ஆயிற்று?

அடுத்த கூட்டத்தில் உருகிய ஹோல்டரை எல்லோர் கைக்கும் கொடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அபராதப் பேச்சு கைவிடப்பட்டது. முதலில் சத்தம் போட்ட உறுப்பினரே எழுந்து, “தெரியாமப் பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காதே” என்றார். பழுதுபார்ப்பு நிதியிலிருந்து சரியான போல்ட் ஹோல்டரும், கம்பெனி சொன்ன அளவில் இரண்டு ஃபியூஸும் வாங்கினார்கள். ஒன்று வண்டியில், ஒன்று கையிருப்பில். ‘வண்டிச் சாமான் மாற்றினால் பழைய சாமானைக் கூட்டத்தில் காட்ட வேண்டும்’ என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அந்த ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி நிற்கவில்லை.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழு வண்டியின் மெயின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட்? யாருக்குத் தெரியும்?
2. ஹோல்டரில் எழுதிய ஆம்பியர், ஃபியூஸைவிடக் குறைவாக இருக்கிறதா?
3. வண்டியில் பிறகு சேர்த்த விளக்கு, மைக் செட், இன்வெர்ட்டருக்குத் தனி ஃபியூஸ் இருக்கிறதா?
4. பழுது வந்தபோது காரணம் தெரியாமல் யாரையாவது குறை சொல்லியிருக்கிறோமா?

சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கு முன் வண்டியின் சீட்டைத் தூக்கி ஒரு தடவை பாருங்கள். பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வோம்! பார்த்து வாங்குவோம்! பாதுகாப்பாக ஓட்டுவோம்!